ஏழு ஆட்டத்து அக்கா

மனைவியின் ஸ்கூட்டரை ஒரே ஒரு பூல் ஆட்டத்தில் பந்தயம் வைத்துத் தோற்றவன் நான். என் வண்டியாக இருந்தாலாவது வீரம் என்று சொல்லிக்கொள்ளலாம். என் வண்டி அன்றைக்கு மெக்கானிக்கிடம் கிடந்தது. அவள் வண்டியை, அவள் சாவியை, அந்தச் சாவியில் அவள் ஆசையாகக் கோத்திருந்த மஞ்சள் வாத்துக்குஞ்சு பொம்மையோடு சேர்த்து டேபிள் விளிம்பில் வைத்து, "ஆடுங்க சார், பாத்துருவோம்" என்று சொன்னது இதே வாய்தான். அதுவும், அவளுடைய அம்மாவை நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பிய வழியில். ரயில் சாயங்காலம்தான். நான் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சட்டையை மாட்டிவிட்டேன். மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று மனைவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

போகட்டும். என் முட்டாள்தனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்கு என்னைக் காப்பாற்றிய அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பருத்திப்பட்டில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு கட்டடம். கீழே டைல்ஸ் கடை. முதல் மாடியில், குச்சியால் பந்தைக் குழியில் தள்ளி ஆடுகிற டேபிள் இரண்டு போட்ட பூல் ஹால். அதற்கு மேல் மாடியில் அக்கா குடியிருந்தார். கட்டடமே அவருடையதுதான். ஒரு காலத்தில் அந்த இடத்தில் அவர்கள் குடும்பத்து நெல் விளைந்ததாம். இப்போது சுற்றிலும் அடுக்குமாடிகளில் எங்களைப் போன்ற ஐ.டி. ஆட்கள் விளைகிறோம்.

சின்ன உருவம். எப்போதும் பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு. குச்சியைக் கையில் எடுத்தால் கண்ணாடி வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிடுவார், சத்தம் வரக் கூடாதென்று. ஹாலில் அவருக்குப் பேர் கிடையாது. "அக்கா" என்றால் அவர்தான். மற்ற அக்காக்களுக்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது.

அவர் ஆட வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஹால் திறந்த புதிதில் ஆட்டம் தொடங்கப் பந்துக் குவியலை அடித்து உடைக்கிற சத்தம் கூரை வழியாக அவர் சமையலறைக்குள் போயிருக்கிறது. சண்டை போட இறங்கி வந்தவர், கதவருகில் நின்று ஒரு ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டு, "கேரம் மாரி தானே கீது? வெரலுக்கு பதிலா குச்சி. அவ்ளோதானே?" என்றாராம். சின்ன வயதில் நாலு அண்ணன்களைக் கேரம் போர்டில் அழவைத்தவர். சண்டை அதோடு நின்றது. அடுத்த வாரத்திலிருந்து, மத்தியானச் சமையலை முடித்துவிட்டுத் தினமும் இறங்கி வந்தார்.

எங்கள் ஹாலில் எல்லோரும் ஒத்த ஆட்டம்தான். ஒரு ஆட்டம், ஒரு டீ. தோற்றவன் டேபிள் வாடகையும் தரவேண்டும். இதில் ஒரு வசதி என்னவென்றால், ஜெயித்தவன் போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டே படி இறங்கிவிடலாம். தோற்றவன் பின்னாலேயே வந்து "மச்சான், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சுவான். போன் பேசுகிறவன் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். நானே அப்படிப் பலமுறை ஆஃப் ஆன போனில் உருக்கமாகப் பேசியிருக்கிறேன்.

அக்கா மட்டும் ஒத்த ஆட்டம் ஆடமாட்டார். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்: "ஏழு ஜெயிக்கிறவங்க." அதாவது யார் முதலில் ஏழு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் டீ. அதுவரைக்கும் யாரும் நகரக் கூடாது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டாலும் சரி.

"ஜெயிச்சதும் ஓடணும்னா இன்னாத்துக்கு இங்க வர? ஏரிய சுத்தி ஓடு. உடம்புக்கும் நல்லது" என்பார்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், தான் ஜெயித்தாலும் தோற்றாலும், ஜெயித்தவரின் கணக்கை ஒரே குரலில் "ஒண்ணு ஆச்சு" என்பார். அப்புறம் "ரெண்டு ஆச்சு." அதில் சந்தோஷமோ வருத்தமோ இருக்காது. இட்லித் தட்டை இறக்கி வைக்கிறவர் சொல்வது போல இருக்கும்.

நான் முதல் தடவை அவரோடு ஆடியபோது முதல் ஆட்டத்தை ஜெயித்தேன். இதை இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லுவேன். அடுத்த ஏழு ஆட்டத்தையும் அவர் வரிசையாக ஜெயித்தார். இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இந்த ஏழு, டேபிளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் வாழ்க்கை முழுக்க அதே கணக்குதான். யாரைப் பற்றியும் ஒரு தடவையை வைத்து முடிவு கட்டமாட்டார். வந்த புதிதில் நான் ஒரு டம்ளர் டீயை டேபிளின் பச்சைத் துணியில் கவிழ்த்துவிட்டேன். ஹால்காரர் என்னைக் கொல்ல வந்தார். அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டு, கறையை ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணு ஆச்சு" என்றார். அவ்வளவுதான். ஏழு ஆனால் என்ன நடக்கும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து டீயை வாசலிலேயே குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

அவருடைய வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் படிக்கட்டில் நின்று எப்போதும் இல்லாத அதிசயமாக என்னிடம் பேசினார்.

"நான் இவள பொண்ணு பாக்கப் போனேன் தம்பி. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் குடுத்தாங்க. புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு, இன்னொரு தபா வரச் சொல்லுங்கன்னுட்டா."

"திரும்பப் போனீங்களா?"

"போனேன். திரும்ப சொஜ்ஜி, பஜ்ஜி. திரும்ப இன்னொரு தபான்னுட்டா. ஏழாவது தபா எங்கம்மா வரவே மாட்டேன்னுடுச்சி. நான் மட்டும் தனியா போனேன்."

"அப்பதான் சரின்னு சொன்னாங்களா?"

"ம். ஏழு தபாவும் நான் ஒண்ணும் பேசலியாம். இவன் எப்பவும் இப்டியே இருப்பான்னு அப்பதான் நம்பிக்க வந்துச்சாம்."

சொல்லிவிட்டு மேலே போனார். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்டதில்லை. அக்காவின் நம்பிக்கை வீண்போகவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒருதடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஒரு ஆள் வருவார். ஒருநாள் தொட்டிக்குள்ளிருந்து அக்காவின் கம்மலைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். தொலைந்து பல மாதம் ஆன தங்கக் கம்மல். அவர் நினைத்திருந்தால் பேசாமல் போயிருக்கலாம். ஹாலில் இருந்த நாங்கள் எல்லாம் கைதட்டினோம். அக்கா கம்மலை வாங்கிக் காதில் போட்டுக்கொண்டு, "சந்தோஷம் நைனா. ஒண்ணு ஆச்சு" என்றார்.

அந்த ஆள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் தொட்டி கழுவ வரவே இல்லை.

"என்னக்கா, ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"நான் அவன கெட்டவன்னா சொன்னேன்? ஒரு தபா நல்லவனா இருக்கறது யாருக்கும் வரும் தம்பி. இன்னும் பாக்கணும்னேன். அதுல இன்னா தப்பு?"

  வேறு ஆள் கிடைக்காமல் அன்றிலிருந்து தொட்டியை அக்காவேதான் கழுவினார். அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறைபட்டுக்கொண்டதில்லை.

இனி என் சித்தாந்தத்துக்கு வருகிறேன். கணக்குப் படித்தவன் என்பதால் நான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தேன். ஹாலில் அதை எல்லோருக்கும் விளக்குவேன். ஒத்த ஆட்டம் என்றால் மட்டமான ஆட்டக்காரனும் அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிடலாம். ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டம் கரைந்துபோகும், நல்ல ஆட்டக்காரன்தான் ஜெயிப்பான். நானோ மட்டமான ஆட்டக்காரன். ஆகவே நான் ஒத்த ஆட்டத்தில்தான் பந்தயம் கட்டவேண்டும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் குச்சி நுனியில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ மட்டம்னு ஒனக்கே தெரிது இல்ல?"

"தெரியும்க்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு பந்தயம் கட்ற?"

சித்தாந்தத்தில் இந்த ஒரு இடத்தை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். யோசித்திருந்தால் வாத்துக்குஞ்சு என் பாக்கெட்டிலேயே இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒரு மனை புரோக்கர் இருந்தார். சென்னீர்குப்பத்திலிருந்து வருகிறவர். வெள்ளைவெளேர் சட்டை, கஞ்சி போட்டது. உயரம் கொஞ்சம் கம்மி. அதை மறைக்க நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். அக்காவுக்கு ஏரிக்கரையில் ஒரு மனை உண்டு. அதை விற்கச் சொல்லிக் கேட்கத்தான் வாராவாரம் வருவார். அக்கா பிடிகொடுக்கமாட்டார். சும்மா போவானேன் என்று எங்களில் யாரையாவது ஒத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுவார். இடி மாதிரி அடிப்பார். ஜெயித்ததும் கிளம்பிவிடுவார். அவரிடம் மட்டும் போன் நிஜமாகவே அடிக்கும்.

அன்றைக்கு என்னிடம் தோலுறையில் வைத்திருந்த சொந்தக் குச்சியைக் காட்டினார். நடுவில் பித்தளை மரை வைத்து இரண்டாகக் கழற்றுகிற குச்சி. நான் பார்த்த பார்வையைப் பார்த்தவர், "ஒரே ஆட்டம் சார். நீங்க ஜெயிச்சா இது உங்களுக்கு. நான் ஜெயிச்சா ஒங்க வண்டி ஒரு மாசம் எனக்கு. மனை காட்டப் போற பசங்களுக்கு வண்டி பத்தல" என்றார்.

சித்தாந்தம் என் காதில் கிசுகிசுத்தது: ஒத்த ஆட்டம், அதிர்ஷ்டம் உன் பக்கம்.

அதிர்ஷ்டம் அவர் பக்கம் நின்றது. கோடு போட்ட பந்துகள் எனக்கு, முழு நிறம் அவருக்கு. நான் கறுப்பு வரைக்கும் வந்துவிட்டேன். அவரவர் பந்துகளை முடித்துவிட்டுக் கடைசியில் தள்ளவேண்டிய பந்து அதுதான்; அவருக்கும் அது ஒன்றுதான் பாக்கி. தவறவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த அடியில் கறுப்பு மூன்று பக்கம் முட்டி, யாரும் எதிர்பார்க்காத குழியில் போய் விழுந்தது. வாத்துக்குஞ்சைத் தூக்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதன் தலை மட்டும் வெளியே நீட்டி என்னையே பார்த்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம். அக்கா.

"கறுப்பு வுழுந்த சத்தம் மேல கேட்டுச்சி. அதுக்கப்பறம் ஒருத்தன் சத்தமும் வரல. எவனோ பெருசா தோத்துக்கீறான்னு எறங்கி வந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "நீயா? ஒன் வண்டியா?"

"வீட்டுக்காரி வண்டிக்கா."

ஹாலில் யாரோ "ஐயய்யோ" என்றார்கள். அக்கா வளையல்களை முழங்கைக்கு ஏற்றினார்.

"என்கூட ஆடுறியா நைனா? ஏழு ஜெயிக்கிறவங்க. நான் ஜெயிச்சா சாவி. நீ ஜெயிச்சா, அந்த ஏரிக்கர மனைய வித்தா ஒன் மூலமா தான் விப்பேன்."

புரோக்கரின் கண் விரிந்தது. ஆனாலும் விவரமான ஆள். "நான் ஒரே ஆட்டம் தாம்மா ஆடுவேன்."

"ஒரே ஆட்டம்னா நீ ஜெயிச்சிருவ. நானே ஒத்துக்கறேன். அதுக்கு இன்னாத்துக்கு ஆடணும்? ஏழுன்னா பயமா கீதா?"

நைட்டி, துண்டு, ரப்பர் செருப்பு. மேலிருந்து கீழ் வரை ஒருதடவை பார்த்துவிட்டுப் புரோக்கர் சிரித்தார். "ஆடலாம் வாங்க."

முதல் ஆட்டம் புரோக்கருக்கு. "ஒண்ணு ஆச்சு." இரண்டாவதும் அவருக்கு. "ரெண்டு ஆச்சு." மூன்றாவதும். நான் போனில் மணி பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"அம்மா ரயில் ஏறிட்டாங்களாம். எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன் பக்கத்துலதாம்மா."

"அது என்ன டக்கு டக்குனு சத்தம்?"

"இங்க ரோட்டுல ஜல்லி கொட்டுறாங்க."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் கெஞ்சினேன். "அக்கா, ரயில் வந்துரும்க்கா. ஒத்த ஆட்டமா வச்சு முடிச்சிருங்களேன்."

"ஒத்த ஆட்டத்துல தானே வண்டிய உட்ட? ஒங்க மாமியார் ஒரு நாள் பிளாட்பாரத்துல குந்திகினு இருந்தா தேஞ்சிட மாட்டாங்க. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

இங்கே எங்கள் ஹாலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பந்து டேபிளின் நடுவில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டால், குச்சியைத் தாங்கிப் பிடிக்க நுனியில் பித்தளைக் கவை வைத்த ஒரு நீளக் கோல் உண்டு. சுவரில் தொங்கும். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பேர் தாத்தா குச்சி. யார் அதை எடுத்தாலும் ஹால் மொத்தமும் வயசான தாத்தா மாதிரி லொக்கு லொக்கென்று இருமும். அந்த இருமலுக்குப் பயந்து நாங்கள் யாரும் அதைத் தொடமாட்டோம். வயிற்றை டேபிளில் வைத்துப் பல்லி மாதிரி நீந்திக்கொண்டு அடிப்போம். தவறவிடுவோம். மானம் மட்டும் தப்பும்.

அக்கா தாராளமாக எடுப்பார். நாங்கள் இருமினால், "நல்லா இருமுங்கடா, மேல சுக்குக் கஷாயம் போட்டுத் தரேன்" என்பார். நிஜமாகவே போட்டும் தருவார். குடித்தாகவேண்டும்.

நான்காவது ஆட்டத்தில் அக்கா ஏதோ பார்த்துவிட்டார். எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரோக்கருக்கு எட்டவில்லை, ஆனால் அவர் கை தாத்தா குச்சி பக்கம் போகவில்லை. கால் கட்டைவிரலில் எம்பி, வயிற்றில் சாய்ந்து அடித்துத் தவறவிட்டார். ஒத்த ஆட்டமாக இருந்தால் இப்படி ஒருதடவை வரும், யாரும் கவனிக்கமாட்டோம். தப்பித்துப் போய்விடுவார்.

அதற்கப்புறம் அக்காவின் ஆட்டமே மாறிப்போனது. பந்தைக் குழியில் தள்ள முடியாத நேரமெல்லாம் வெள்ளையை மெல்ல உருட்டி டேபிளின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். நானோ அக்காவுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். புரோக்கர் எம்பினார், சாய்ந்தார், நீந்தினார். இடி மாதிரி அடிக்கிறவர் எட்டாத இடத்திலிருந்து தட்டித் தட்டி விட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் வயிற்றில் டேபிள் விளிம்பின் சாக்பீஸ் நீலம் கோடுகோடாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் வாத்துக்குஞ்சு பாக்கெட்டில் நசுங்கி நசுங்கி எழுந்தது.

"நாலு ஆச்சு." "அஞ்சு ஆச்சு." இப்போது அக்கா தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் புரோக்கரும் சும்மா இல்லை. கைக்கு எட்டியதையெல்லாம் உள்ளே தள்ளினார். ஆறுக்கு ஆறு என்று வந்து நின்றது. கடைசி ஆட்டம்.  அக்காவுக்கு ஒரே ஒரு பந்தும் கறுப்பும் பாக்கி. புரோக்கருக்குக் கறுப்பு மட்டும்தான் பாக்கி. அதுவும் குழி வாயிலேயே நிற்கிறது. ஊதினால் விழுந்துவிடும். வெள்ளை மட்டும் நட்டநடுவில்.

புரோக்கர் டேபிளை ஒருசுற்று சுற்றி வந்தார். நின்றார். முதல்முறையாகச் சுவரைப் பார்த்தார். தாத்தா குச்சி பக்கம் கை நீண்டது.  யாரும் இருமவில்லை. பந்தயம் அந்த அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

அப்போது சாக்பீஸ் தூசி தொண்டையில் போய் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அடக்கப் பார்த்தேன். அடக்கியதால் இன்னும் கேவலமாக, கிழட்டு ஆடு மாதிரி வந்தது. புரோக்கரின் கை சூடு பட்டது போலத் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்தினார். வயிற்றை டேபிளில் போட்டார். எம்பினார். இன்னும் கொஞ்சம் எம்பினார்.

பாக்கெட்டிலிருந்து வாத்துக்குஞ்சு வழுக்கி விழுந்தது. சாவியோடு பச்சைத் துணியில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, வெள்ளைப் பந்தின் மேல் போய் உட்கார்ந்தது. பந்து நகர்ந்தது.

ஹால் வெடித்தது. பந்தின் மேல் எது பட்டாலும் தப்பாட்டம். இனி வெள்ளையை அக்கா எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். நான் பாய்ந்து போய் சாவியை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். வாத்துக்குஞ்சை இரண்டு விரலால் தூக்கி, தூசி தட்டி, புரோக்கரிடம் நீட்டினார்.

"ஆட்டம் முடியல நைனா. உள்ள வெச்சிக்கோ."

அந்த மனுஷன் அதை வாங்கித் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அக்கா வெள்ளையைத் தனக்கு வாகாக வைத்தார். தன்னுடைய பந்து உள்ளே. வெள்ளை உருண்டு கறுப்பின் எதிரே போய் நின்றது. அதை அடிக்கக் கொஞ்சம் எட்டவேண்டியிருந்தது. ஆண்பிள்ளைகள் நாங்கள் என்றால் நீந்தியிருப்போம். அக்கா நிதானமாகச் சுவரருகே போய்த் தாத்தா குச்சியை எடுத்து வந்தார். கவையில் குச்சியை வைத்தார். தட்டினார். கறுப்பு சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

"ஏழு ஆச்சு."

கீழே டைல்ஸ் கடைக்காரர் கட்டடம் இடிகிறது என்று ஓடிவரும் அளவுக்குக் கத்தினோம். ஹால்காரர் இரண்டு டேபிள் லைட்டையும் அணைத்து அணைத்துப் போட்டார். யாரோ என்னைத் தூக்கினார்கள். ஜெயித்தது நான் இல்லை என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும்தான். புரோக்கர் சாவியைத் தானாகவே எடுத்து அக்காவின் கையில் வைத்தார். நல்ல மனுஷன்தான்.

"ஏம்மா, நான் ஜெயிச்சிருந்தா மனைய நெஜமா எனக்குக் குடுத்துருப்பியா?" என்று கேட்டார்.

"வித்தா ஒன் மூலமான்னேன். விப்பேன்னு சொன்னனா?" என்றார் அக்கா. அப்புறம் அவர் சட்டையிலிருந்த நீலத்தைப் பார்த்துக் கொஞ்சம் மனம் இளகி, "மனசு மாறுனாலும் மாறும். இன்னும் ஆறு தபா வந்துட்டுப் போ" என்றார்.

என்னிடம் சாவியைத் தரும்போது மட்டும் முறைத்தார். "நீ இன்னாத்துக்கு இருமுன? அவன் தாத்தா குச்சி எடுத்துருந்தாலும் ஒரு கை பாத்துருப்பேன்." என் வாழ்நாளில் ஒரு பந்தயத்துக்கு நான் செய்த ஒரே உதவியும் இப்படிப் போனது.

நெமிலிச்சேரிக்குப் பறந்தேன். மாமியார் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, எங்களுக்கென்று கொண்டுவந்த வேர்க்கடலையில் பாதியை உரித்துத் தின்று முடித்திருந்தார். அக்கா சொன்னதுபோல அவர் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி வாத்துக்குஞ்சின் மூக்கில் இருந்த நீலத்தைப் பார்த்து இது என்ன என்றாள். வாத்துக்கே தெரியவில்லை என்பதுபோல நானும் அதைப் பார்த்தேன். அடுத்த வாரம் அக்காவே கடைத்தெருவில் அவளைப் பிடித்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார், ஆட்டம் ஆட்டமாக. இப்போது நாங்கள் அம்பத்தூர்ப் பக்கம் வீடு மாறிவிட்டோம். சாவி மட்டும் அவள் கைப்பைக்குள் பூட்டியே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அக்கா என் மனைவியிடம் கதையைப் போட்டுடைத்த மறு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் தன் அடுத்த தபாவுக்கு வந்திருந்தார். அக்காவுக்காகக் காத்திருந்த நேரத்தில் என்னைப் பார்த்துத் தோலுறையைத் திறந்தார். பித்தளை மரை மினுங்கியது. "ஒரே ஆட்டம் சார். சும்மா ஜாலிக்கு. ஜெயிச்சா குச்சி ஒங்களுக்கு."

என் கை என் பேச்சைக் கேட்காமல் கொஞ்சதூரம் போனது. இழுத்துக்கொண்டேன். "வேணாம் சார்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஓடினேன்.

அக்கா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையும் ஒரு கையும் தொட்டிக்குள், மிச்சமெல்லாம் வெளியே.

"அக்கா! அந்தாள் திரும்பக் கூப்பிட்டான்க்கா. ஒரே ஆட்டம்னான். அதே குச்சியக் காட்டுனான். நான் முடியாதுன்னுட்டேன்! திரும்பிக்கூடப் பாக்கலக்கா! நான் மாறிட்டேன்க்கா!"

தேய்க்கிற சத்தம் நின்றது. தலை வெளியே வரவில்லை. தொட்டியின் அடியிலிருந்து குரல் மட்டும் முழங்கிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு ஆச்சு."